கடலோரமாய் ஒரு பகல்

காலை எட்டு மணிக்குப் போர்ட்டிக்சன் படகுத்துறையில் கடல், எண்ணெய் தடவியதுபோல் அசையாமல் கிடந்தது. வெள்ளை நிறப் பாய்மரப் படகுகளுக்கு நடுவே, உயர்ந்த முன்புறமும் சதுரமான அறையும் கொண்ட பழைய படகு ஒன்று நின்றது. பார்த்தவுடன் மீன்பிடிப் படகு என்றே நினைக்கத் தோன்றும். ஆனால், அதில் வலை இல்லை. பனிக்கட்டிப் பெட்டி இல்லை. மீன் வாடையும் இல்லை. உள்ளே ஒரு சிறிய அடுப்பும், மடக்கு மேசையும், நால்வர் படுக்க இடமும் இருந்தன. மீன்பிடிக்கும் டிராலரின் உடலமைப்பை எடுத்துக்கொண்டு, பயணம் செய்வதற்கென்றே கட்டப்படும் இத்தகைய படகுகளையும் டிராலர் என்றுதான் அழைக்கிறார்கள்.

36 அடி நீளமுள்ள அந்தப் படகு 'கிராண்ட் பேங்க்ஸ்' வகையைச் சேர்ந்தது. இந்த வகைப் படகுகள் முதலில் ஹாங்காங்கிலும், பிறகு சிங்கப்பூரிலும், அதன் பின்னர் ஜொகூரின் பாசிர் கூடாங்கிலும் கட்டப்பட்டன. இந்தப் படகு 1970களில் சிங்கப்பூரில் பிறந்தது. அதன் சொந்தக்காரரான தாத்தாவோ சரக்குக் கப்பல்களில் நாற்பது ஆண்டுகள் இயந்திரப் பொறியாளராக இருந்தவர். பணி ஓய்வு பெற்றதும் இரண்டு நண்பர்களோடு பணம் போட்டு அதை வாங்கினார். நண்பர்களில் ஒருவர் காலமாகிவிட்டார். மற்றவர் மகளோடு பெர்த் நகருக்குக் குடிபெயர்ந்துவிட்டார். எஞ்சியவர் தாத்தா மட்டும்தான்.

அவரும் படகை விற்க முடிவு செய்துவிட்டார். "டீசல் விலை கட்டுப்படி ஆகவில்லை" என்று வீட்டில் சொன்னார். வாங்க விரும்புபவர் திங்கட்கிழமை மலாக்காவில் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அதற்குள் படகை அங்கே கொண்டு சேர்க்க வேண்டும். ஏறத்தாழ 35 கடல்மைல் தூரம். நான்காம் படிவத்தில் படிக்கும் பேத்தி, பள்ளி விடுமுறை என்பதால் தானும் வருவேன் என்று அடம்பிடித்தாள். "அப்படியானால் உன் மாமாவும் கூட வரட்டும்" என்று அவளுடைய அம்மா நிபந்தனை விதித்தார்.

மாமாவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. துறையில் கட்டியிருக்கும்போதே கோடாலித் தைலத்தை நெற்றியில் தடவிக்கொண்டு சோபாவில் சாய்ந்துவிட்டார்.

எட்டரை மணிக்குக் கயிறுகளை அவிழ்த்தார்கள். 120 குதிரைத்திறன் டீசல் இயந்திரம் அடித்தளத்தில் முணுமுணுத்தது. படகு துறையைவிட்டு மெல்ல வெளியேறியது. உண்மையில், கடைசிவரை அது மெல்லத்தான் போனது. மணிக்கு ஏழு கடல்மைல், அதாவது ஏறத்தாழ 13 கிலோமீட்டர். சாலையில் மிதிவண்டி ஓட்டுபவர் அதைச் சுலபமாக முந்திவிடுவார்.

"இயந்திரத்தை இன்னும் முடுக்கினால் என்ன, தாத்தா?" என்று பேத்தி கேட்டாள்.

"முடுக்கலாம். டீசல்தான் தீரும், வேகம் கூடாது" என்றார் அவர்.

காரணம் படகின் நீளத்தில் இருக்கிறது. தண்ணீரைப் பிளந்துகொண்டு செல்லும் கனமான படகு, தன்னைச் சுற்றித் தானே ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலையும் நீள்கிறது. அலையின் நீளம் படகின் நீளத்தை எட்டியதும், படகு தான் எழுப்பிய மேட்டின் மீதே ஏற முயல்வதுபோல் திணறும். இந்த அளவுள்ள படகுக்கு அந்த எல்லை எட்டுக் கடல்மைலுக்குச் சற்று மேலே. அதற்குக் கொஞ்சம் கீழே நின்றுகொண்டால், மணிக்கு ஏறத்தாழ 8 லிட்டர் டீசலில் நாள் முழுவதும் ஓடலாம். டீசல் விலை கட்டுப்படி ஆகவில்லை என்றவர் இதைச் சொல்வதுதான் பேத்திக்கு விந்தையாக இருந்தது.

அவளுக்கு ஒரு வேலை கொடுக்கப்பட்டிருந்தது. அரை மணிக்கு ஒருமுறை படகின் பின்புறமான அமரத்திற்குப் போய், புகைக்குழாய் வழியே தண்ணீர் கொட்டுகிறதா என்று எட்டிப் பார்க்க வேண்டும். படகின் அடியில் உள்ள துளை வழியாகக் கடல்நீர் உறிஞ்சப்பட்டு, இயந்திரத்தின் சூட்டை வாங்கிக்கொண்டு, புகையோடு சேர்ந்து பின்னால் வெளியேறும். தண்ணீர் விட்டுவிட்டுத் துப்பிக்கொண்டிருந்தால் இயந்திரம் நலமாக இருக்கிறது என்று பொருள். கடற்பயணக் கதைகளில் இந்த வேலையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. புயலையும் திமிங்கிலத்தையும்தான் எழுதுகிறார்கள்.

ஒன்பது மணிக்குத் தண்ணீர் கொட்டியது. ஒன்பதரைக்கும் கொட்டியது. இடப்புறம் கடற்கரையும் தங்கும் விடுதிகளும் மெதுவாக நகர்ந்தன. வலப்புறம், தொடுவானத்தில், பெரிய கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் சென்றன. மலாக்கா நீரிணையை ஆண்டுக்கு 80,000க்கும் மேற்பட்ட கப்பல்கள் கடக்கின்றன. அவை செல்வதற்கு ஒரு தடம், வருவதற்கு ஒரு தடம் என்று கடலிலேயே நெடுஞ்சாலை வகுத்திருக்கிறார்கள். இந்தச் சின்னப் படகுக்கு அங்கே வேலை இல்லை. அது கரையை ஒட்டியே போனது.

எதிரே காடு மூடிய குன்று ஒன்று கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. உச்சியில் வெள்ளைக் கலங்கரை விளக்கம்.

"அதுதான் தஞ்சோங் துவான்" என்று தாத்தா கைகாட்டினார். "சுற்றிலும் நெகிரி செம்பிலான். ஆனால், அந்தக் குன்று மட்டும் மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்தது. போர்த்துகீசியர்கள் அதைக் 'காபோ ரச்சாடோ' என்று அழைத்தார்கள். 1606ஆம் ஆண்டில் இந்தக் கடலில்தான் டச்சுக்காரர்களும் போர்த்துகீசியர்களும் கப்பல்களை எரித்துக்கொண்டார்கள். அப்போது மூழ்கிய 'நாசாவ்' என்ற டச்சுக் கப்பலின் சிதைவை 1990களில்தான் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து எடுத்த பொருள்கள் லுக்குட் அரும்பொருளகத்தில் இருக்கின்றன."

அவர் பேசும்போது முகத்தைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, கடைக்கண்ணால் குன்றைப் பார்த்தார். அண்மைக் காலமாக அவர் எதையும் அப்படித்தான் பார்க்கிறார். வயதான பழக்கம் என்று வீட்டில் எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

பத்து மணிக்குப் பேத்தி மறுபடியும் அமரத்திற்குப் போனாள். போகும்போதே காதில் ஏதோ மாறியது. 'குளுக் குளுக்' என்று துப்பும் ஓசைக்குப் பதிலாக, வறண்ட தொண்டையில் இருமுவது போன்ற ஓசை. எட்டிப் பார்த்தாள். புகைக்குழாயிலிருந்து வெண்ணிற ஆவிதான் வந்தது. தண்ணீர் ஒரு சொட்டும் இல்லை.

"தாத்தா! தண்ணீர் வரவில்லை!"

"முள் சரியாகத்தானே இருக்கிறது... இப்போதுதான் பார்த்தேன்" என்றார் தாத்தா, சுக்கானைப் பிடித்தபடி.

அவள் ஓடி வந்து வெப்பமானியைப் பார்த்தாள். 80 பாகையில் நிற்க வேண்டிய முள் 100ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. அது தாத்தாவின் முகத்திற்கு நேராக, ஒரு முழ தூரத்தில் இருந்தது.

அவர் ஒன்றும் பேசவில்லை. இயந்திரத்தை நிறுத்தினார்.

கடலில் இயந்திரம் நின்றதும் வரும் அமைதி வேறு வகையானது. அதுவரை கேட்காத ஓசைகள் எல்லாம் கேட்கத் தொடங்கும். பக்கச் சுவரில் தண்ணீர் அறைவது, அலமாரியில் கிண்ணங்கள் உரசுவது, மாமா முனகுவது. படகு தன் விருப்பத்திற்கு அலைகளுக்குக் குறுக்காகத் திரும்பியது. மேற்கிலிருந்து வீசிய காற்று அதைக் குன்றின் அடிவாரத்துப் பாறைகளை நோக்கித் தள்ளியது. பாறைகளுக்கு இன்னும் ஒரு கடல்மைல்கூட இல்லை.

"நங்கூரம்!" என்றார் தாத்தா.

யாரும் எதிர்பாராத ஒன்று அப்போது நடந்தது. சோபாவில் படுத்திருந்த மாமா எழுந்தார். முகம் வெளுத்திருந்தது, கால்கள் தடுமாறின. ஆனால், கம்பியைப் பிடித்துக்கொண்டே முன்புறத்து அணியத்திற்குப் போய்ச் சங்கிலியை இறக்கினார். ஆழம் 15 மீட்டர் என்று கருவி காட்டியது. நங்கூரம் அடிமண்ணில் நன்றாகப் பதிய, ஆழத்தைப்போல் நான்கு மடங்குச் சங்கிலி வேண்டும். அறுபது மீட்டரையும் விட்ட பிறகு படகு ஒருமுறை வெடுக்கென்று இழுபட்டு, காற்றை நோக்கித் திரும்பி நின்றது. மாமா அங்கேயே குனிந்து கடலுக்குத் தம் காலைச் சிற்றுண்டியைக் கொடுத்துவிட்டு, "நங்கூரம் பிடித்துவிட்டது" என்று கத்தினார்.

தரைப்பலகையைத் தூக்கிவிட்டு, தாத்தாவும் பேத்தியும் இயந்திர அறைக்குள் இறங்கினார்கள். அனல் முகத்தில் அடித்தது. முதலில் கடல்நீர் வால்வை மூடினார்கள். வடிகட்டியைத் திறந்து பார்த்தார்கள். சுத்தமாக இருந்தது. மூடியைப் போடாமலேயே வால்வை மெல்லத் திறந்தாள் பேத்தி. தண்ணீர் பீய்ச்சி அடித்திருக்க வேண்டும். கசிவுகூட இல்லை.

"அப்படியானால் அடைப்பு வெளியே, படகின் அடியில்தான். நெகிழிப் பையாக இருக்கும்" என்றார் தாத்தா.

"நான் குதித்து எடுத்துவிடட்டுமா?"

"இந்த நீரோட்டத்திலா? வேண்டாம், அம்மா. மேலே ரப்பர் தோணிக்குக் காற்றடிக்கும் மிதிபம்பு இருக்கிறது, எடுத்து வா."

வால்வுக்கு மேலிருந்த குழாயைக் கழற்றி, பம்பின் வாயை அதில் பொருத்தி, துணியால் இறுக்கிக் கட்டினார்கள். பேத்தி மிதித்தாள். முதலில் காற்று உள்ளேயே முட்டி நின்றது. பத்தாவது மிதியிலோ பன்னிரண்டாவது மிதியிலோ படகின் அடியில் 'பொளக்' என்று ஓசை கேட்டது. பம்பை எடுத்ததும் தண்ணீர் குபுக்கென்று பொங்கி அவள் முகத்தில் அடித்தது. மேலிருந்து மாமா, "நீலப் பை ஒன்று மிதந்து போகிறது!" என்றார். சந்தையில் மீன் போட்டுக் கொடுப்பார்களே, அந்தப் பை.

வேலை முடிந்துவிட்டது என்று அவள் நினைத்தாள். தாத்தாவோ தலையசைத்தார். தண்ணீர் இல்லாமல் ஓடிய பம்பைத் திறந்து பார்க்காமல் இயந்திரத்தை இயக்கக்கூடாது. பம்பின் உள்ளே பூவிதழ்கள் போன்ற ஆறு ரப்பர் இதழ்கள் கொண்ட ஒரு சிறிய சக்கரம் இருக்கிறது. அதற்கு இம்பெல்லர் என்று பெயர். கடல்நீர்தான் அதற்கு உயவு எண்ணெய். தண்ணீர் வரத்து நின்ற சில நிமிடங்களிலேயே அது சூடேறிப் பிய்ந்துபோகும்.

மூடியில் ஆறு சின்னத் திருகுகள். அவை இயந்திரத்தின் இருட்டான பக்கம் நோக்கி இருந்தன. தாத்தா திருப்புளியை எடுத்து ஒரு திருகின் மீது வைத்தார். நழுவியது. மறுபடியும் வைத்தார். மறுபடியும் நழுவியது. நாற்பது ஆண்டுகள் கப்பல் இயந்திரங்களைப் பிரித்துக் கோத்த கை அது. மூன்றாவது முறை நழுவியபோது, திருப்புளியை அவர் பேத்தியின் கையில் வைத்தார்.

"நீ கழற்று. எது எங்கே இருக்கிறது என்று நான் சொல்கிறேன்."

அவள் கழற்றினாள். ஒரு திருகு வியர்வை வழிந்த விரலிலிருந்து நழுவி, அடித்தளத்துத் தண்ணீரில் விழுந்து மறைந்தது. அவள் பயந்துபோய்த் தாத்தாவைப் பார்த்தாள். "பரவாயில்லை. ஐந்து போதும்" என்றார் அவர். சக்கரத்தை வெளியே எடுத்தாள். ஆறு இதழ்களில் இரண்டு இல்லை.

மாற்றுச் சக்கரம் கருவிப் பெட்டியில் தயாராக இருந்தது. அந்த நேரம் பார்த்து மாமா மேலிருந்து குரல் கொடுத்தார். "அப்பா, மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது. சீக்கிரம் பூட்டிக் கிளப்புங்கள்!"

"பிய்ந்த இரண்டு துண்டும் கிடைக்கும்வரை கிளப்பக்கூடாது" என்றார் தாத்தா.

"புதியதுதான் போடப்போகிறீர்களே!"

"பழைய துண்டு குழாயில் எங்காவது இருக்கும். இயக்கினால் நேராகப் போய்க் குளிர்விக்கும் கருவியை அடைத்துக்கொள்ளும். அப்புறம் மழைக்கு நடுவில் மறுபடியும் நிற்க வேண்டும். அப்போது திறந்து பார்க்க நேரம் இருக்காது."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. ஒரு துண்டு பம்பின் மூடிக்குள்ளேயே ஒட்டியிருந்தது. மற்றதைக் காணவில்லை. குழாயைக் கழற்றினார்கள், இல்லை. அடுத்த குழாய், அதிலும் இல்லை. அரை மணி நேரம் ஓடிவிட்டது. வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. குழாய் வளையும் முழங்கையில் சுண்டுவிரலை விட்டுத் துழாவியபோது, மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. கறுப்பு ரப்பர் துண்டு. இரண்டு துண்டுகளையும் பழைய சக்கரத்தோடு பொருத்திப் பார்த்தாள். ஆறு இதழ்களும் முழுமையாயின.

புதிய சக்கரத்தைப் பூட்டிவிட்டு மேலே வந்தபோது மணி பன்னிரண்டு. உடலெல்லாம் எண்ணெய்க் கறை. மாமா அணியத்தில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கறுத்த மேகத்திற்கு முன்னால், தண்ணீரை ஒட்டித் தாழ்வாக, பெரிய பறவைகள் வந்துகொண்டிருந்தன. தேன் பருந்துகள். சுமத்திரா போன்ற தெற்குத் தீவுகளில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அவை வடக்கே சீனா, ஜப்பான், சைபீரியா வரை திரும்பிச் செல்கின்றன. நீரிணை குறுகும் இந்த இடத்தில்தான் கடலைக் கடக்கின்றன. தரையின் மேல் வெப்பக்காற்று அவற்றைத் தூக்கிக் கொடுக்கும். கடலின் மேல் அந்த உதவி கிடையாது. சிறகை அடித்து அடித்தே வர வேண்டும். அதனால்தான் கரையை நெருங்கும்போது அவ்வளவு தாழ்ந்து, அவ்வளவு களைத்து வருகின்றன.

"பதினைந்து, பதினாறு, பதினேழு! தாத்தா, பாருங்கள்!"

தாத்தா அண்ணாந்து பார்த்தார். பறவைகள் இடப்பக்கம் பறந்தன. அவருடைய முகம் நேராக இருந்தது.

"ஓசை கேட்கிறது, அம்மா" என்றார். பிறகு சற்று நேரம் கழித்து, "நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு கரும்புகை நிற்கிறது. ஓரத்தில்தான் கொஞ்சம் தெரியும். விழித்திரை தேய்ந்துவிட்டது என்று மருத்துவர் சொல்லி எட்டு மாதம் ஆகிறது" என்றார்.

மாமா திரும்பிப் பார்த்தார். "எட்டு மாதமா? ஏன் அப்பா எங்களிடம் சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தால் இன்றைக்கு வர விட்டிருப்பீர்களா?"

அதற்கு யாரிடமும் பதில் இல்லை. மாமாவின் முகத்தில் கோபம் இருந்தது. அது நியாயமான கோபம்தான். தெரியாத கண்ணோடு சுக்கான் பிடித்தது தவறு. அதுவும் பேத்தியை ஏற்றிக்கொண்டு. அது தாத்தாவுக்கும் தெரிந்திருந்தது. அவர் சுக்கானிலிருந்து ஓர் அடி விலகி நின்றார்.

"நீ பிடி" என்றார் பேத்தியிடம். "திசைகாட்டியில் 125 பாகை. முள் ஆடும், அதைத் துரத்தாதே. கொஞ்சமாகத் திருப்பு, பொறுத்துப் பார்."

இயந்திரம் உறுமியது. அமரத்திலிருந்து மாமா, "தண்ணீர் வருகிறது!" என்றார்.

தஞ்சோங் துவானைத் தாண்டிய கால் மணி நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கரை மறைந்தது. கப்பல்கள் மறைந்தன. படகின் அணியமே மங்கலாகத் தெரிந்தது. வேகத்தைப் பாதியாகக் குறைத்தார்கள். பேத்தி முதலில் முள்ளைத் துரத்தினாள். படகு பாம்புபோல் நெளிந்தது. பிறகு பொறுத்துப் பார்க்கக் கற்றுக்கொண்டாள். மாமா மழையங்கியோடு வெளியே நின்று, மூங்கிலில் கொடி கட்டிய மீன்வலை மிதவைகள் தெரிகின்றனவா என்று பார்த்தார். "வலப்புறம் ஒன்று!" என்று அவர் கத்தியதும் அவள் விலக்கினாள். கொடி, கை நீட்டினால் தொடும் தூரத்தில் கடந்து போனது. தாத்தா பின்னால் உட்கார்ந்து, கண்களை மூடிக்கொண்டு, இயந்திரத்தைக் கேட்டுக்கொண்டே வந்தார். மாமாவுக்குத் தலைசுற்றல் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. அவருக்கே அது மறந்துபோயிருந்தது.

மழை விட்ட பிறகு சொல்வதற்கு அதிகம் இல்லை. ரொட்டியும் சார்டினும் சாப்பிட்டார்கள். ஐந்து மணி நெருங்கும்போது மலாக்கா தெரிந்தது. நீரின் மேல் தூண்களில் நிற்கும் நீரிணைப் பள்ளிவாசல், அதன் பின்னே உயர்ந்த கட்டடங்கள், இன்னும் பின்னே தாழ்வான குன்று. துறையை அணையும்போது மட்டும் தாத்தா பேத்தியின் தோளில் கை வைத்துக்கொண்டார். மாமா முதலில் குதித்துக் கயிற்றைக் கட்டினார்.

அன்று மாலை பயணக் குறிப்பேட்டை எடுத்து வந்தார் தாத்தா. நீல மையில், மூன்று வெவ்வேறு கையெழுத்துகளில், பல ஆண்டுப் பயணங்கள். கடைசிப் பக்கங்களில் அவருடைய எழுத்து மட்டும் கோட்டைவிட்டு மேலும் கீழும் இறங்கியிருந்தது. அவர் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதினாள். புறப்பட்ட நேரம், நங்கூரமிட்ட இடம், ஆழம், மாற்றிய உறுப்பு.

"தேன் பருந்து பதினேழு என்று எழுதலாமா?"

"எழுது. பம்பு மூடியில் திருகு ஐந்துதான் இருக்கிறது என்றும் எழுது. முள் 100 வரை போனதையும் விட்டுவிடாதே."

"அதை எழுதினால் வாங்க வருபவர் விலையைக் குறைப்பாரே, தாத்தா?"

"குறைக்கட்டும். திங்கட்கிழமை அவர் வந்ததும், முதலில் இந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்டு" என்று சொல்லிவிட்டு, அவர் உப்புப் படிந்த சன்னல் கண்ணாடியைத் துடைக்க வாளியைத் தேடிப் போனார்.